முன்பல் உடைந்த பிள்ளையின் பற்கூழை உயிரோடு காப்பாற்றுவது எப்படி

பின்னேரம் நாலரை மணி இருக்கும், மல்லாவிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ கிரவல் ரோட்டில் சைக்கிள் சறுக்கி ஒன்பது வயதுப் பிள்ளை விழுந்து, வாய் முழுக்க இரத்தத்தோடு எழும்பி நிற்கிறது. மேல் முன்பல்லில் பாதியைக் காணவில்லை. உடைந்த இடத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பு வெளியில வந்திட்டுது, இனிப் புடுங்கத்தான் வேணும்" என்கிறார்.

வன்னியில் பல் வைத்தியம் பார்க்கும் இத்தனை வருடத்தில் இந்த வசனத்தை எத்தனை தாய்மார் வந்து எனக்குத் திருப்பிச் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. அது பிழை. சிவப்பாக இரத்தம் கசிகிறது என்றால் அந்தப் பல் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். சின்னப் பிள்ளையின் பல்லுக்குள் இருக்கும் சதை, அதாவது பற்கூழ், தன்னைத் தானே மூடிக்கொள்ளும் வல்லமை உள்ளது, அதற்கு வேண்டிய மருந்துகூட அந்தப் பல்லுக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பதும், கிருமி உள்ளே போகாமல் நேரத்துக்கு மூடுவதும்தான். ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் போக வேண்டிய ஊர்களில் இருக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பல்லைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். மயங்கி விழுந்ததா, சத்தி எடுக்கிறதா, கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் பதில் சொல்கிறதா, நித்திரை தூங்கி விழுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பல் பிறகு, உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. தாடை திறக்க மூட முடியாமல் நோகுது, பற்கள் முன்புபோல் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை என்றாலும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்.

தலை சரி, பிள்ளை தெளிவாக இருக்கிறது என்றால், குடிக்கிற நல்ல தண்ணியால் வாயை மெதுவாகக் கொப்பளிக்க விடுங்கள். குளத்துத் தண்ணி, வாய்க்கால் தண்ணி வேண்டாம். உதட்டில் இரத்தம் வந்தால் சுத்தமான துணியை ஐந்து, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு வெளிச்சத்தில், போன் டோர்ச் போதும், உடைந்த இடத்தைப் பாருங்கள். வெறும் வெள்ளையாக மட்டும் இருந்தால் மேல் ஓடான எனாமல் மட்டும் சிராய்ந்திருக்கிறது, அவசரம் இல்லை. உள்ளே மஞ்சள் தெரிந்தால் அது டென்ரின், பல்லின் உடம்பு மாதிரி, அதற்குள் மயிரிழையிலும் மெல்லிய ஆயிரக்கணக்கான குழாய்கள் ஓடுகின்றன, அவற்றின் வழியாகப் பற்றீரியா உள்ளே போகும், அதனால் மூட வேண்டும். நடுவில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் அதுதான் பற்கூழ், நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை. இந்த மூன்றில் எது என்று பார்த்து வைத்துக்கொண்டு, போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள், எங்களுக்கு அது பெரிய உதவி.

உடைந்த துண்டைத் தேடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. மண்ணில் கிடந்தாலும் எடுத்து, தண்ணியில் கழுவி, ஒரு சின்னப் போத்தலில் பாலோ தண்ணியோ விட்டு அதற்குள் போட்டுக் கொண்டு வாருங்கள். லேஞ்சியில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தால் காய்ந்து நிறம் மாறிவிடும். காய்ந்து வந்தாலும் நாங்கள் 20 நிமிடம் தண்ணியிலோ சேலைனிலோ ஊறவைத்து ஒட்டுவோம், ஆனால் ஈரமாக வருவது நல்லது. துண்டு எங்கேயும் இல்லை என்றால் உதட்டைத் தடவிப் பாருங்கள், வீங்கிய உதட்டுக்குள் பல் துண்டு புதைந்திருப்பதைப் பலமுறை எக்ஸ்ரேயில் கண்டிருக்கிறேன். பிள்ளை விழுந்ததிலிருந்து இருமிக்கொண்டே இருந்தால் துண்டு மூச்சுக் குழாய்க்குள் போயிருக்கலாம், அதற்கு உடனே ஆஸ்பத்திரி.

இனி, வைக்கக் கூடாதவை. இதில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். கராம்பு எண்ணெய் வேண்டாம். சூத்தைப் பல்லுக்கு அம்மம்மா காலத்திலிருந்து வைக்கிறோம் என்பீர்கள், சரி, சூத்தைப் பல்லில் பற்கூழுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் டென்ரின் இருக்கிறது, நோ குறையும். ஆனால் திறந்த பற்கூழில் கராம்பு எண்ணெய் நேரடியாகப் பட்டால் அதில் உள்ள யூஜினோல் அங்கே இருக்கும் கலங்களை எரித்துவிடும், பிறகு நாங்கள் போடும் வெள்ளை அடைப்பையும் சரியாக இறுகவிடாது. பனடோலைப் பொடியாக்கி வைப்பது, அஸ்பிரின் வைப்பது, புகையிலை, உப்பு, பற்பசை, வெற்றிலைச் சுண்ணாம்பு, ஒன்றும் வேண்டாம். நோவுக்குப் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல் சிரப் குடிக்கக் கொடுங்கள், அது போதும். சின்னப் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. குளிர் தண்ணியும் காற்றும் பட்டால் கூசும், அதனால் உதட்டை மூடி வைத்திருக்கச் சொல்லி, வெதுவெதுப்பான கஞ்சி ஏதும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும்? மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் அடுத்த நாள். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இரண்டு மூன்று நாள் பிந்திவிட்டது என்பதற்காக "இனி என்ன" என்று விட்டுவிடாதீர்கள். சுவீடனைச் சேர்ந்த மியோமிர் ட்ஸ்வெக் என்ற பல் வைத்தியர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், அடிபட்டுப் பற்கூழ் வெளியில் தெரிந்த 60 முன்பற்களில் மேற்பகுதிச் சதையை மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டுக் கல்சியம் ஐதரொட்சைட்டு வைத்து மூடினார், 58 பற்கள் ஆறின. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் உடனே வந்தவர்கள் இல்லை, சிலர் நாட்கணக்கில், ஒரு சிலர் வாரக்கணக்கில் பிந்தி வந்தவர்கள். அவரும் கூட்டாளிகளும் பிறகு குரங்குகளில் பார்த்தபோது, பற்கூழ் திறந்து ஒரு வாரம் வரைக்கும்கூட அழற்சி மேலிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. அடிபட்ட பல்லின் கூழ் அவ்வளவு கெட்டியானது. சூத்தை பிடித்து மாதக்கணக்கில் ஊறிய பல்லின் கதை வேறு.

ஏன் ஆறுகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் மேலே சொன்னது எல்லாம் மனதில் நிற்கும், அதனால் பொறுமையாக வாசியுங்கள்.

பற்கூழின் ஓரத்தில், டென்ரினைத் தொட்டபடி, ஒரு வரிசைக் கலங்கள் இருக்கின்றன, ஒடன்ரோபிளாஸ்ட் என்று பெயர், பல்லைக் கட்டிய மேசன்மார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் வளரும் காலத்தில் இவை டென்ரினைக் கட்டும்போது வெறும் கல்சியத்தையும் கொலாஜனையும் மட்டும் போட்டுக் கட்டுவதில்லை. வளர்ச்சிக் காரணிகள் என்று சொல்லப்படும் சின்னச் சின்னப் புரதங்களையும் சேர்த்துச் சுவருக்குள்ளே புதைத்துவிடுகின்றன. காலபோகம் வெட்டினதும் நல்ல நெல்லாகப் பார்த்து விதைக்கென்று மூட்டை கட்டி வைக்கிறோமே, அப்படித்தான். வருடக்கணக்கில் அவை டென்ரினுக்குள் அசையாமல் கிடக்கும். அமிலம் பட்டு அந்தச் சுவர் கொஞ்சம் கரைந்தால், அல்லது நாங்கள் வைக்கும் கல்சியம் ஐதரொட்சைட்டு பட்டால், மூட்டை அவிழும்.

அவிழ்ந்து வெளியில் வரும் புரதங்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலையைத் தொடக்கிவிடும். ரி.ஜி.எஃப் பீற்றா 1 என்பது உயிரோடு இருக்கும் ஒடன்ரோபிளாஸ்ட்களைப் பிடித்து "இன்னும் டென்ரின் கட்டு" என்று முடுக்கும், அழற்சியையும் அளவோடு வைத்திருக்கும். பி.எம்.பி என்ற குடும்பம், குறிப்பாக பி.எம்.பி 2, எந்த வேலைக்கும் போகாமல் இருக்கும் மூலக்கலங்களைக் கூப்பிட்டு டென்ரின் கட்டும் கலங்களாக மாற உதவும். வி.ஈ.ஜி.எஃப் புது இரத்தக் குழாய் ஓட்டும், இரத்தம் இல்லாமல் எந்தச் சதையும் ஆறாது என்பதால் இதன் வேலை பெரியது. எஃப்.ஜி.எஃப் 2, பி.டி.ஜி.எஃப் இரண்டும் கலங்கள் பெருகவும் காயத்தை நோக்கி நகரவும் உதவும். இவற்றில் எதுவும் தனியாக ஓடுவதில்லை, ஒன்று கூடினால் மற்றதன் வேலை மாறும், அதனால்தான் ஆய்வாளர்கள் இன்னும் இதற்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு வைத்தியர் எலும்பின் கல்சியத்தை அமிலத்தால் கரைத்துவிட்டு, மிச்சத்தைத் தசைக்குள் வைத்துப் பார்த்தார், தசைக்குள் எலும்பு முளைத்தது. அந்த மிச்சத்துக்குள் இருந்தவைதான் பி.எம்.பி. வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காக ரீற்றா லெவி மொண்டால்சினிக்கும் ஸ்ரான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பற்கூழுக்குள் மூலக்கலங்கள் இருப்பதை 2000ஆம் ஆண்டில்தான் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மூன்று வருடம் கழித்து, விழுந்த பாற்பல்லுக்குள்ளும் அவை இருக்கின்றன என்று காட்டினார்கள்.

சரி, ஆறுதல் இரண்டு விதமாக நடக்கும். அடி லேசாக இருந்து ஒடன்ரோபிளாஸ்ட்கள் தப்பிவிட்டால் அதே கலங்களே சுவரைத் தடிப்பாக்கும். அவை செத்துவிட்டால், அதாவது பற்கூழ் திறந்த இடத்தில், கீழேயிருந்து புதுக் கலங்கள் மேலே வந்து, அந்த வேலையைப் பழகி, திறந்த ஓட்டையின் குறுக்கே ஒரு கடினப் பாலம் கட்டும். குளக்கட்டு உடைத்த இடத்தில் ஊர் கூடி மண் போடுவது மாதிரி, முதலில் ஒழுங்கில்லாமல், பிறகு நேர்த்தியாக. இரண்டு மூன்று மாதத்தில் அது எக்ஸ்ரேயில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியத் தொடங்கும். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் மகளைக் கூட்டி வந்தார், விழுந்து மூன்று நாள், வேறோர் இடத்தில் பல்லை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல சிவப்பு இரத்தம், அமத்தினதும் நின்றது, மூடி அனுப்பினேன். அந்தக் கோட்டை எக்ஸ்ரேயில் அவருக்குக் காட்டினபோது அவர் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

இது எல்லாம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை. அதையும் 1965இல்தான் கண்டார்கள். ககெஹாஷியும் கூட்டாளிகளும் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டு, ஒன்றும் வைக்காமல், அடைக்காமல் விட்டார்கள். சாப்பாடு எல்லாம் உள்ளே போய் அடைந்தது. அப்படியிருந்தும் பாலம் கட்டி ஆறியது. சாதாரண எலிகளில் அதே துளை பற்கூழைச் சாகடித்தது. அப்படியென்றால் பற்கூழைக் கொல்வது திறந்துபோனது இல்லை, பற்றீரியா. எந்த மருந்து வைத்தார்கள் என்பதைவிட எவ்வளவு இறுக்கமாக மூடினார்கள் என்பதை நான் கூடுதலாகப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

படித்த பெற்றோர் சிலர் கேட்கிறார்கள், அந்த வளர்ச்சிக் காரணியைப் போத்தலில் வாங்கி வைக்க முடியாதா என்று. மிருகங்களில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பாலம் கட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் புரதம் காயத்தில் கனநேரம் நிற்காது, உடைந்து போய்விடும், நிறைய வைக்க வேண்டும், விலை அதிகம், அழற்சி கூடிய பற்கூழில் எதிர்பார்த்த மாதிரி வேலை செய்வதும் இல்லை. பல்லே தன்னுடைய அளவில் தன்னுடைய கலவையில் வைத்திருக்கும்போது அதைத் தட்டி எழுப்புவதுதான் இப்போதைக்கு எங்கள் கையில் உள்ள நல்ல வழி.

தட்டி எழுப்பும் பொருட்களில் மூத்தது கல்சியம் ஐதரொட்சைட்டு, 1920இல் ஜேர்மனியில் ஹேர்மன் என்பவர் பல் வைத்தியத்துக்குள் கொண்டு வந்தார். இரசாயனமாகப் பார்த்தால் நீற்றின சுண்ணாம்புதான், அதனால்தான் சிலர் வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பில் தூசும் கிருமியும் இருக்கும், அளவு தெரியாமல் வைத்தால் முரசும் உதடும் வெந்துபோகும், மேலே மூடாவிட்டால் எச்சிலில் கரைந்து ஓடியும்விடும். இப்போது எம்.ரி.ஏ என்ற சீமெந்து போன்ற பொருளும் இருக்கிறது, 1990களில் கலிபோர்னியாவில் ரொராபினெஜாட் என்பவர் உருவாக்கியது, பாலம் இன்னும் தடிப்பாகவும் ஓட்டை குறைவாகவும் வரும். ஆனால் பழைய வகை எம்.ரி.ஏ பல்லைச் சாம்பல் நிறமாக்கும், முன்பல்லுக்கு அது அழகில்லை, நிறம் மாற்றாத புது வகை கேட்க வேண்டும், விலையும் கூட. அது எங்கள் ஊரில் இல்லை என்று கவலைப்படாதீர்கள். அடிபட்ட சின்னப் பிள்ளையின் முன்பல்லுக்குக் கல்சியம் ஐதரொட்சைட்டே போதும், பல் காயங்களுக்கான 2020ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலும் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. அதாவது சின்னக் கிளினிக்கிலேயே செய்யக்கூடிய வேலை இது.

கிளினிக்குக்கு வந்ததும் மூன்று விசயம் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தது, எந்த மண்ணில் விழுந்தது, கடைசியாக எப்போது ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டது. மாட்டுப் பட்டியிலோ வயல் சேற்றிலோ விழுந்து உதடும் கிழிந்திருந்தால் ஏற்பு ஊசி பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பிறகு மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்: "டொக்டர், இந்தப் பற்கூழை உயிரோட வைச்சிருக்க ஏலுமா?" இந்தக் கேள்வியில் எந்தப் பல் வைத்தியரும் கோபிக்க மாட்டார்.

ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மேல் நடு முன்பல் 7, 8 வயதில் முளைக்கும், ஆனால் வேர் முடிய இன்னும் ஏறத்தாழ மூன்று வருடம் வேண்டும். ஒன்பது வயதில் வேரின் நுனி திறந்தே இருக்கும், வேரின் சுவர் மெல்லியது. அந்தச் சுவரைத் தடிப்பாக்குவது உயிருள்ள பற்கூழ் மட்டும்தான். அதைக் கொன்று எடுத்துவிட்டால் வேர் அந்த வயதிலேயே நின்றுவிடும், பிறகு பதினைந்து வயதில் கிரிக்கெட் பந்து லேசாகப் பட்டாலே முரசோடு முறியலாம். இந்த வயதில் பற்கூழை முழுக்க எடுத்து ரூட் கனால் செய்துவிட்டால் சரி என்று நினைப்பது பெரிய இழப்பு.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளைக்கும் பயம் குறையும். சிவப்பு தெரியாவிட்டால் மஞ்சளை மூடி, துண்டு இருந்தால் ஒட்டி அனுப்புவோம். சிவப்பு தெரிந்தால் விறைக்க ஊசி போட்டு, தண்ணி அடித்தபடி பற்கூழின் மேல் 2 மில்லிமீற்றர் அளவை மட்டும் சீவி எடுத்து, சேலைனால் கழுவி, ஈரப் பஞ்சால் அமத்திப் பிடிப்போம். சில நிமிடத்தில் இரத்தம் நிற்க வேண்டும். நின்றால் கீழே உள்ள சதை நல்லது. கருஞ்சிவப்பாக நிற்காமல் ஓடினால் இன்னும் கொஞ்சம் கீழே போவோம். நின்றதும் மருந்து, அதற்கு மேல் இறுக்கமான அடைப்பு. ஒரு தடவை வந்தால் முடிந்துவிடும் வேலை, ஊசியைத் தவிர வேறு நோ இல்லை.

வீட்டில் ஒரு கிழமை மெல்லிய சாப்பாடு: குழைசாதம், கஞ்சி, சொதியில் ஊறின இடியப்பம். மென்மையான பிரஷால் அன்றிரவே பல் தீட்டலாம், தீட்டாமல் விடுவதுதான் கெடுதல். தந்த குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு மருந்தைக் காலையும் இரவும். முன்பல்லால் பனங்கிழங்கு கிழிப்பது, ஒடியல் கடிப்பது, கரும்பு உரிப்பது, சோடாப் போத்தல் மூடி திறப்பது எல்லாம் கனகாலத்துக்கு வேண்டாம். அடைப்பு கொஞ்சம் உடைந்தாலும் நோகவில்லை என்று விடாதீர்கள், அன்றைக்கே வாருங்கள், அந்த ஓட்டையால் பற்றீரியா போனால் அவ்வளவு நாள் கட்டின பாலம் வீண்.

பிறகு ஆறு முதல் எட்டுக் கிழமையில் ஒருமுறை, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று காட்ட வேண்டும். இங்கேதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நோகவில்லை, பஸ்ஸுக்குக் காசு, வயல் வேலை, விளங்குகிறது. ஆனால் பற்கூழ் சத்தமில்லாமல் சாகும். பல் சாம்பலாக மாறுவது, முரசில் சின்னக் கொப்புளம் வந்து உடைவது, இரவில் தானாக நோவது, தட்டினால் நோவது, இதில் எது தெரிந்தாலும் தவணை வரும்வரை காத்திருக்காதீர்கள். மறுபக்கமும் உண்டு: அடிபட்ட பல் முதல் சில வாரம் குளிர்ச் சோதனைக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், அது அதிர்ச்சி, சாவு இல்லை, மூன்று மாதம் வரைக்கும்கூட அப்படி இருந்து பிறகு திரும்பிய பற்கள் உண்டு. ஒரு சோதனையை மட்டும் வைத்துப் பல் செத்துவிட்டது என்று யாரும் சொன்னால், வேறு அடையாளம் ஏதும் உண்டா என்று கேளுங்கள்.

எல்லாம் செய்தும் பற்கூழ் செத்துவிட்டால், வேர் நுனி இன்னும் திறந்திருந்தால், அப்போதும் வழி இருக்கிறது. வேருக்குள் கிருமியைக் கழுவி, கடைசியில் ஈ.டி.ரி.ஏ என்ற திரவத்தால், 17 வீதம், சுவரைக் கழுவுவார்கள், அது டென்ரினை மெல்லக் கரைத்து உள்ளே கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளியில் விடும். பிறகு வேர் நுனிக்கு அப்பால் மெதுவாகக் கிளறி இரத்தத்தை உள்ளே வரவிட்டு, அந்த இரத்தக் கட்டியின் மேல் எம்.ரி.ஏ வைத்து மூடுவார்கள். 2001இல் ஜப்பானில் இவாயாவும், 2004இல் அமெரிக்காவில் பாங்ஸும் ட்ரோப்பும் இதைச் செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. சில இடங்களில் பிள்ளையின் சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பைப்ரினையும் (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப் புரதம்) வைக்கிறார்கள், அதிலும் இந்தக் காரணிகள் நிறைய. உள்ளே வளர்வது பெரும்பாலும் அசல் பற்கூழ் இல்லை, எலும்பையும் வேர் மேற்பூச்சையும் ஒத்த ஒரு திசு, ஆனாலும் பல வேர்கள் தடித்து நீளும். இதற்கு விசேட வைத்திய நிபுணர் வேண்டும், பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டி வரலாம், போவது வீணில்லை.

பல் உடையாமல் வேரோடு கழன்று கையில் வந்துவிட்டால் அது வேறு அவசரம், அங்கே நிமிடக் கணக்கு. பாற்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே உள்ள நிலையான பல் கெடும். நிலையான பல் என்றால் வேரைத் தொடாமல் தலைப் பக்கத்தைப் பிடித்து, பாலிலோ சேலைனிலோ ஒருதரம் அலசி, தேய்க்காமல், உடனே குழிக்குள் வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கவிட்டுக் கூட்டி வாருங்கள். வைக்கத் தைரியம் இல்லையா, குளிர்ந்த மாட்டுப் பாலுக்குள் போடுங்கள். பால் இல்லாவிட்டால் பிள்ளையின் எச்சிலிலேயே ஒரு கோப்பையில் வைக்கலாம். ஒரு மணித்தியாலம் காய்ந்தால் வேரைச் சுற்றியுள்ள கலங்கள் செத்துவிடும்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் முதலுதவிப் பெட்டிக்குள் இரண்டு சின்ன சேலைன் போத்தலும், மூடியுள்ள ஒரு வெற்றுப் போத்தலும், ஒரு சோடிக் கையுறையும் வையுங்கள், கன்ரீனில் ஒரு பக்கற் பால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: துண்டைத் தேடு, பாலில் போடு, ஒன்றும் பூசாதே, விழுந்த நேரத்தை எழுது.